மூன்று சிஸ்டம், மூன்று வேலை: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: ராஜபாளையத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையில் மூன்று சிஸ்டம். முதலாவதில் விண்டோஸ் 7, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு. பதினைந்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டாவது நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. அதில் டாலியில் பதினோரு கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறேன், வருகிறவர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பமும் அதிலேயே போட்டுக் கொடுக்கிறேன். மூன்றாவது, கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளின் லேப்டாப். விண்டோஸ் 11-ஓடு லினக்ஸும் போட்டிருக்கிறாள், அதிலிருந்து விண்டோஸில் மணி தப்பாகக் காட்டுகிறது. சிஸ்டம் விற்பவர் பழைய இரண்டையும் கழித்துவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார். மகள் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டால் செலவே இல்லை என்கிறாள். பிரஸ் வைத்திருக்கும் உறவினர் மேக் வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரி,

மூன்று பேரும் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்று பேருமே ஓஎஸ்ஸிலிருந்து, அதாவது விண்டோஸ், லினக்ஸ், மேக் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து, பேச ஆரம்பிக்கிறார்கள். அங்கே ஆரம்பித்தால் எது உசத்தி என்ற வாக்குவாதம்தான் மிஞ்சும். நீங்கள் வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு தாளை எடுத்து, கடையில் ஒரு நாளில் செய்யும் வேலைகளை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வேலை எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது? டாலி விண்டோஸோடு ஒட்டியிருக்கிறது. பத்திரிகை வேலை பேஜ்மேக்கரோடும் பாமினியோடும் ஒட்டியிருக்கிறது. ஆன்லைன் விண்ணப்பம் பிரவுசரைத் தவிர எதோடும் ஒட்டவில்லை. மகளின் படிப்பு லினக்ஸோடு ஒட்டியிருக்கிறது. இந்தத் தாள் தயாரானதும் எந்த சிஸ்டத்தில் எந்த ஓஎஸ் என்பது பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும். இருபது வருஷத்துக்கு மேலாக மதுரைப் பக்கம் கடைகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் சிஸ்டம் பார்த்துக் கொடுக்கிறேன். எல்லா வேலையையும் ஒரே ஓஎஸ்ஸில் அடக்கியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்த இடங்களில்தான் பணமும் தூக்கமும் அதிகம் போனது.

அந்தப் பிடிவாதம் ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. ஒரு அரிசி ஆலை ஆபீஸில் இரண்டு விண்டோஸ் சிஸ்டங்களையும் எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக டாலியை ஓட வைத்தேன். ஓடவும் செய்தது. வவுச்சர் போட்டார்கள், பில் அடித்தார்கள், எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்பதால் ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கலுக்கு, டிஜிட்டல் கையெழுத்து அடங்கிய யூஎஸ்பி டோக்கனைச் செருக வேண்டும். கடைசி நாளான 20-ஆம் தேதி சாயங்காலம் டோக்கனைச் செருகினால் லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறொரு டிஸ்கைத் தேடிப்பிடித்து விண்டோஸ் போட்டு, டோக்கன் டிரைவரை இறக்கி, தாக்கல் முடிக்க ராத்திரி பதினொன்றரை ஆனது. அந்த வேலை டாலியோடு மட்டும் ஒட்டியிருக்கவில்லை, அந்தச் சின்ன டோக்கனோடும் ஒட்டியிருந்தது. அதை நான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும், தவறு முழுக்க என்னுடையது. அதனால்தான் உங்களைத் தாளும் பேனாவும் எடுக்கச் சொல்கிறேன்.

உங்கள் பதினோரு கடைகளில் எத்தனை கம்பெனி, எத்தனை தனிநபர் தொழில் என்று பாருங்கள். தனிநபர் தொழில் என்றால் ஓடிபி வைத்தே தாக்கல் செய்துவிடலாம், எந்த ஓஎஸ்ஸிலும் நடக்கும். கம்பெனி, எல்எல்பி (பொறுப்பு வரையறுத்த கூட்டு நிறுவனம்) என்றால் டோக்கன் கட்டாயம். ஒன்றே ஒன்று அப்படி இருந்தாலும் கணக்கு சிஸ்டம் விண்டோஸாகவே இருக்கட்டும். டாலியே விண்டோஸுக்கான மென்பொருள்தான், ஆகவே இதில் யோசிக்க அதிகம் இல்லை. மகளிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஊரார் கணக்கை வைத்து நாம் பரிசோதனை செய்யக்கூடாது.

ஆனால் அந்த விண்டோஸ் 10-ஐ அப்படியே தொடர முடியாது. அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதலாக ஒரு வருஷம் என்றார்கள். அது தள்ளிப்போடுவதுதான், தீர்வு இல்லை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். உங்களுடையது நான்காம் தலைமுறை. இந்தச் சோதனையைத் தாண்டிப் பழைய சிஸ்டத்திலும் விண்டோஸ் 11-ஐ ஏற்ற வழி இருக்கிறது, யாராவது வந்து செய்து தருகிறேன் என்பார்கள். கணக்கும் வங்கிப் பாஸ்வேர்டும் இருக்கும் சிஸ்டத்தில் அது வேண்டாம், நாளைக்கு ஒரு அப்டேட் வராமல் போனால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆக, சிஸ்டம் விற்பவர் சொன்னதில் பாதி சரி. ஒன்று வாங்குங்கள். 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, ஒரிஜினல் விண்டோஸ் 11. அதில் டாலி, ஜிஎஸ்டி, வங்கி, டோக்கன், இவ்வளவுதான். வாடிக்கையாளரின் பென் டிரைவ் அதில் ஏறக்கூடாது. யூடியூப் கூடாது. கடைப் பையன் உட்காரக்கூடாது. இந்த மூன்றையும் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் பெரிய ஆன்டிவைரஸ் செலவும் தேவைப்படாது, விண்டோஸோடு வரும் டிஃபென்டரே போதும்.

இனி அந்த நான்காம் தலைமுறை ஐ5. இதைக் கழிக்கச் சொன்னதுதான் எனக்குச் சம்மதமில்லை. நல்ல சிஸ்டம் அது, விண்டோஸ் 11-க்குத்தான் ஆகவில்லை. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும். அதைக் கவுன்டரில் வைத்து, ஆன்லைன் விண்ணப்பம், வாட்ஸ்அப் வெப், ஸ்கேன், பிடிஎஃப், கடிதம் டைப் செய்வது எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிடுங்கள். கைரேகைக் கருவி வைத்துச் செய்யும் வேலை ஏதாவது இருந்தால் அது மட்டும் இங்கே வேண்டாம், அந்தக் கருவிகளுக்கான சேவை மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் வருகிறது.

கவுன்டருக்கு லினக்ஸ் சொல்வதற்குக் காசு மிச்சம் என்பது முதல் காரணம் இல்லை. டிடிபி கடைக்கு நோய் வருகிற வாசல் கவுன்டர்தான். காலேஜ் பையன் ஒருவன் பென் டிரைவைக் கொடுத்து 'புராஜெக்ட் பிரின்ட் எடுக்கணும்க்கா' என்பான். அதை விண்டோஸில் செருகினால் அவனுடைய ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும், அதில் ஒன்றை ஃபோல்டர் என்று நினைத்து டபுள் கிளிக் செய்த நிமிஷமே உங்கள் சிஸ்டத்துக்கும் தொற்றிவிடும், அப்புறம் உங்கள் கடைக்கு வருகிற ஒவ்வொருவர் பென் டிரைவுக்கும் நீங்களே பரப்பிக்கொண்டிருப்பீர்கள். அதே பென் டிரைவை லினக்ஸில் செருகிப் பாருங்கள். அந்த ஷார்ட்கட்கள் வெறும் சின்னச் சின்ன பைல்களாகச் செத்துக் கிடக்கும், ஓடாது. வைரஸ் ஒளித்து வைத்த நிஜ ஃபோல்டரும் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியும், பெயரே இல்லாதது போல வெறும் இடைவெளியைப் பெயராக வைத்திருக்கும். உள்ளே போய்ப் பையனின் புராஜெக்டை மட்டும் எடுத்து அச்சடித்துக் கொடுக்கலாம். லினக்ஸுக்கு வைரஸே வராது என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்க் கடைகளில் சுற்றும் வைரஸ்கள் விண்டோஸைக் குறி வைத்து எழுதப்பட்டவை, அவ்வளவுதான். கவுன்டருக்கு அதுவே பெரிய நிம்மதி.

போடுவதற்கு முன் இரண்டைச் சோதித்துவிடுங்கள். முதலாவது பிரிண்டர். கடைகளில் நிறைய இருக்கும் விலை குறைந்த கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர்களில் பல, பக்கத்தைத் தாங்களாக உருவாக்காது. கம்ப்யூட்டர்தான் பக்கத்தை முழுசாகத் தயார் செய்து, அந்தக் கம்பெனிக்கே உரிய மொழியில் அனுப்ப வேண்டும். அதற்கான டிரைவரை லினக்ஸுக்குச் சரியாகக் கொடுத்திருக்க மாட்டார்கள், கொடுத்திருந்தாலும் பழசாக இருக்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிசிஎல் என்ற பொதுவான பிரிண்டர் மொழிகள் புரிகிற பிரிண்டர் என்றால் கவலையே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஒரு 8 ஜிபி பென் டிரைவில் மின்ட்டை ஏற்றித் தரச் சொல்லுங்கள், மகளுக்கு அரைமணி நேர வேலை. அந்தப் பென் டிரைவிலிருந்தே சிஸ்டத்தைக் கிளப்பினால் உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமல் லினக்ஸ் ஓடும். கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்படிக் கிளப்பி, ஒரு பக்கம் பிரிண்ட், ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். வந்தால் போடலாம். வராவிட்டால் அந்த பிரிண்டரை விண்டோஸ் சிஸ்டத்தில் மாட்டி நெட்வொர்க்கில் பகிர்ந்து பார்க்கலாம், ஆனால் இந்த வகை பிரிண்டர்களில் அதுவும் சில சமயம் மக்கர் பண்ணும், நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது தட்டச்சு. நீங்கள் பழைய டைப்ரைட்டர் முறையில் அடித்துப் பழகியவர் என்று நினைக்கிறேன். லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு வசதி வழியாக எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் 99, டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு எல்லாமே கிடைக்கும். விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. வானவில், பாமினியில் அடித்த வேர்டு பைலை யாராவது கொண்டுவந்தால் அந்த எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம், சரியாகவே தெரியும்.

இப்போது விண்டோஸ் 7 சிஸ்டம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான், ஏனென்றால் மற்றவற்றைப் பணம் கொடுத்தால் திரும்ப வாங்கலாம், இந்தப் பதினைந்து வருஷத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய வெளியீடான 7.0 வந்தது 2001-இல். ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லா சிஸ்டத்திலும் ஒரே எண்ணைத் தரும் யூனிகோடு முறையில் தமிழ் அதற்குத் தெரியாது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. நீங்கள் 'அம்மா' என்று அடிக்கும்போது பைலில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான், பாமினி இருக்கிற சிஸ்டத்தில் மட்டும் அது அம்மாவாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, ஆனாலும் நம் அச்சகங்களும் டிடிபி கடைகளும் இன்னும் பாமினியை விடாததற்குப் பெரிய காரணம், கை பழகிய பேஜ்மேக்கர் யூனிகோடை ஏற்காததுதான். ஆகவே உங்களுடைய ஒரு பழைய பைல் திறக்க வேண்டுமென்றால் அந்த பைல், பேஜ்மேக்கர், அந்த எழுத்துரு மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று போனாலும் மற்ற இரண்டும் வீண்.

அதனால் இந்த சிஸ்டத்துக்கு மூன்று காரியம் செய்யுங்கள். இன்றைக்கே நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், வைஃபை இருந்தால் அணையுங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு முடிந்தது, அது இணையத்தில் இருக்க ஒரு காரணமும் இல்லை. அடுத்து, அந்த டிஸ்கை முழுசாகப் பிரதி எடுங்கள். பதினைந்து வருஷம் ஓடிய ஹார்ட் டிஸ்க் என்றால் நாளைக்கே நின்றாலும் ஆச்சரியமில்லை. குளோன்ஸில்லா என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் பென் டிரைவில் போட்டுக் கிளப்பினால் டிஸ்கை அப்படியே, விண்டோஸ், பேஜ்மேக்கர், எழுத்துரு எல்லாம் சேர்த்து, வேறொரு டிஸ்குக்கு நகலெடுக்கும். லினக்ஸில் ஓடும் மென்பொருள் அது, உங்கள் விண்டோஸைக் காப்பாற்றப் போவது லினக்ஸ்தான் என்று மகளிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள். நகலை எடுத்ததும் அந்த டிஸ்கைக் கடையில் வைக்காதீர்கள், வீட்டில் பீரோவில் வையுங்கள். மூன்றாவது, எழுத்துருக்களைத் தனியாக ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து அதையும் சேர்த்து வையுங்கள், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

காலப்போக்கில் அந்த சிஸ்டமே படுத்துவிட்டால்? புதிதாக வாங்கும் 16 ஜிபி சிஸ்டத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள்ளே உங்களிடம் இருக்கும் விண்டோஸ் 7 சிடியை வைத்து ஒரு சிஸ்டத்தை உருவாக்கி, பேஜ்மேக்கரை அதில் நிறுவலாம். திரையில் ஒரு ஜன்னலுக்குள் உங்கள் பழைய சிஸ்டம் ஓடும், அதற்கு நெட்வொர்க் கொடுக்காமலே விடலாம். பேஜ்மேக்கர் பாவம், அதற்கு அதிகம் தேவையில்லை, 2 ஜிபி ராம் ஒதுக்கினாலே தாராளம். ஒரே சிக்கல், எழுத்துரு மென்பொருளுக்கு டாங்கிள், அதாவது செருகினால்தான் மென்பொருள் ஓடும் சாவி போன்ற சின்னக் கருவி, வைத்திருக்கிறீர்களா என்பது. யூஎஸ்பி டாங்கிள் என்றால் விர்ச்சுவல் சிஸ்டத்துக்குக் கொடுத்துவிடலாம். பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகும் அகலமான டாங்கிள் என்றால் அது நடக்காது, அந்தப் பழைய சிஸ்டத்தைத்தான் பொத்திப் பொத்திக் காப்பாற்ற வேண்டும்.

பதினைந்து வருஷத்து பைல்களையும் யூனிகோடுக்கு மாற்ற உட்காராதீர்கள். மாற்றி வைத்ததில் முக்கால்வாசியை யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை. வருஷா வருஷம் திரும்ப வருகிற கோயில் திருவிழா நோட்டீஸ், சங்கத்து ரசீது, பள்ளிக்கூட அழைப்பிதழ் மாதிரியானவற்றை, அவர்கள் அடுத்த தடவை வரும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வாருங்கள். மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போல இலவச மென்பொருட்கள் உண்டு. புதுப் பக்கத்தை அமைக்க ஸ்கிரைபஸ் பழகிப் பாருங்கள், 2024 ஜனவரியில் வந்த 1.6-இல் தமிழ் எழுத்துகள் உடையாமல் வருகின்றன, பிரஸ்ஸுக்கு வேண்டிய நான்கு வண்ண பிடிஎஃப் எடுக்கலாம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பேஜ்மேக்கர் வேகம் முதல் மாதத்தில் வராது. கோரல் ட்ராவும் போட்டோஷாப்பும் நீங்கள் உபயோகிப்பதாக இருந்தால் அந்த வேலை மட்டும் விண்டோஸில் இருக்கட்டும், இரண்டும் லினக்ஸுக்கு வருவதில்லை.

மாற்றும்போது ஒன்றை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். பாமினியில் 'கௌரி' என்று அடிக்கும்போது 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடிப்போம். காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் பார்க்க ஒன்றுபோலத்தான். கன்வெர்ட்டர் சில சமயம் இதைக் 'கெளரி' என்று, கெ, ள, ரி என மூன்று தனி எழுத்தாகவே மாற்றிவிடும். பிரிண்ட் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் நாளைக்கு அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது, போனில் ஒருவர் படிக்க வைத்துக் கேட்டால் கெளரி என்றுதான் படிக்கும். சௌந்தரம், பௌர்ணமி, மௌனம் எல்லாவற்றுக்கும் இதே கதி. ஸ்ரீயும் சில எழுத்துருக்களில் தப்பும், பத்திரிகைக்கு நடுவில் ஆங்கிலத்தில் போட்ட டிகிரியும் கம்பெனிப் பெயரும் மொத்தமாகத் தமிழ்க் குப்பையாக மாறியிருக்கும். கல்யாணப் பத்திரிகையில் பெண் பெயர் தப்பாகப் போனால் அது என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றிய பிறகு பழைய பிரிண்டைப் பக்கத்தில் வைத்து, பெயர்களை மட்டுமாவது எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

மகளின் லேப்டாப்புக்கு வருகிறேன். அவள் லினக்ஸ் போட்டது ரொம்பச் சரி. அவள் நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் சர்வர் பெரும்பாலும் லினக்ஸாகத்தான் இருக்கும். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன, உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். இரண்டாம் ஆண்டிலேயே கை பழகிவிட்டால் அவளுக்குப் பெரிய லாபம். வெறும் சி, பைத்தான் எழுத மட்டும் என்றால் விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்ற வசதியில் லினக்ஸை ஓட்டலாம், தனியாகப் போட வேண்டியதில்லை. ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் படிக்கிற பிள்ளை நேராக டிஸ்கில் போட்டு, உடைத்து, சரி செய்து கற்றுக்கொள்வதுதான் நல்லது. விட்டுவிடுங்கள்.

மணி தப்பாகக் காட்டுவதற்குக் காரணம் இதுதான். மதர்போர்டில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதில் இருப்பது நம் ஊர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸிலிருந்து வெளியே வந்தால் அது பொது நேரத்தை எழுதி வைத்துவிட்டுப் போகும், விண்டோஸ் வந்து அதை இந்திய நேரமாகப் படிக்கும். நமக்கும் பொது நேரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் என்பதால் காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் மூன்றரை என்று காட்டும். லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லை, பாட்டரி மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு டெர்மினலில் ஒரே ஒரு வரி கட்டளை கொடுத்தால் போதும், மகள் ஒரு நிமிஷத்தில் செய்துவிடுவாள்.

அவளிடம் இன்னும் இரண்டு சொல்லுங்கள். விண்டோஸின் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கும், அதை அணைக்கட்டும். அது இருக்கும்வரை விண்டோஸை ஷட்டவுன் செய்தாலும் அது முழுசாக மூடுவதில்லை, அரைத்தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிஸ்கில் எதையும் எழுத முடியாமல் போகும். அப்புறம் பிட்லாக்கர். புது லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், நமக்கே தெரியாது. சிஸ்டம் கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸில் எதையாவது மாற்றினால் ஒருநாள் காலையில் 48 இலக்க எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், இப்போதே எடுத்து ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். செமஸ்டர் நேரத்தில் தேடினால் அழுகைதான் வரும்.

ஒரே லேப்டாப்பில் இரண்டு ஓஎஸ் என்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன, பாஸ் என்பது சிடாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காக உருவாக்கியது. அந்த வருஷங்களில் என்னிடம் வந்த பிள்ளைகள் நிறையப் பேர் 'அண்ணா, இந்த இன்னொண்ணை எடுத்துவிடுங்க, இடத்தை அடைக்குது' என்றார்கள். எடுத்தும் கொடுத்தேன். எந்த வேலைக்கு அதைத் திறக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை, நானும் உட்கார வைத்துக் காட்டவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது. உங்கள் மகளுக்குத் தேவை தானாகவே தெரிந்திருக்கிறது, நல்ல விஷயம்.

மேக் வேண்டாம். நல்ல மெஷின்தான், பேஜ்மேக்கரே 1985-இல் முதலில் மேக்குக்குத்தான் வந்தது, அச்சுத்தொழில்காரர்களுக்கு அதன்மேல் பிரியம் இருப்பது நியாயம். ஆனால் டாலி அதில் ஓடாது, உங்கள் பழைய பைல்கள் எதுவும் அதில் நேராகத் திறக்காது. உறவினரின் வேலை வேறு, உங்கள் வேலை வேறு.

கடைசியாக, மூன்றுக்கும் நடுவே பைல் போகிற வழி. கடைக்கென்று ஒரே ஒரு பென் டிரைவ், சிவப்பு நாடா கட்டி வையுங்கள், எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மேட் செய்தால் மூன்று சிஸ்டமும் படிக்கும். கவுன்டரிலிருந்து உள்ளே போவது பிடிஎஃப்பும் படமும் டாக்குமென்டும் மட்டுமாக இருக்கட்டும், ஃபோல்டரோடு அள்ளிப் போடாதீர்கள். பைல் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், விண்டோஸிலும் லினக்ஸிலும் நன்றாகத் தெரியும், ஆனால் பேஜ்மேக்கர் சிஸ்டத்துக்குப் போகிற பைலுக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் வையுங்கள், தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டரைப் பேஜ்மேக்கர் வெறும் கேள்விக்குறியாகப் பார்க்கும். டாலி பேக்கப் தினமும் சாயங்காலம் ஒரு வெளி டிஸ்கில் எடுங்கள், வாரம் ஒருமுறை வேறொரு டிஸ்கிலும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். முதலில் பேஜ்மேக்கர் டிஸ்கின் நகல், அது முடியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். அப்புறம் புது சிஸ்டம் வாங்கி, ஒரு மாதத் தாக்கல் முழுவதையும் அதில் செய்து பார்த்து, டோக்கன் இருந்தால் அது வேலை செய்வதை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு ஐ5-ஐக் கழற்றி லினக்ஸ் போடுங்கள். தாக்கல் தேதிகளான 11, 20 இரண்டுக்கும் பக்கத்தில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள், 21-ஆம் தேதிக்கு மேல் ஆரம்பித்தால் கையில் போதிய நாள் இருக்கும்.

பிரிண்டர் என்ன மாடல் என்றும், டாங்கிள் இருந்தால் அது யூஎஸ்பியா அகலப் போர்ட்டா என்றும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு விர்ச்சுவல்பாக்ஸ் சரிவருமா, பழைய சிஸ்டத்துக்கே உதிரி பாகம் தேடி வைக்க வேண்டுமா என்று சொல்கிறேன்.